ப்ளக்கைப் பிடுங்கியவன் பேசுகிறேன்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும், நம் ரயில்வே குடியிருப்புக் குழுவின் தலைவி ஜியாவ் ஃபெங்ச்சின் அம்மையார் அவர்களே! முன்வரிசை முழுவதையும் பிடித்துக்கொண்டு, முழங்கால் மேல் வெந்நீர்க் குடுவையும் முகத்தில் புன்னகையுமாக வீற்றிருக்கும் மூத்தோர்களே! தினைக் கஞ்சியை இறக்கிவைத்த கையோடு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே என்னைப் பார்ப்பதுபோல் நடிக்கும் கடைசி வரிசை இளைஞர்களே! மூன்றாம் வரிசையில் கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் எழுந்ததிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் பெயர் தெரியாத பெருமகனே! உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம்.

சிரிக்காதீர்கள். இன்று நாம் எதற்குக் கூடியிருக்கிறோம்? வரும் திங்கள் முதல் இந்த மன்றத்தை, அதிர்வுக் கோப்பை விற்கும் அந்தக் கறுப்புப் பை ஐயாவுக்குத் தரலாமா என்று முடிவுசெய்யக் கூடியிருக்கிறோம். கோப்பையில் ஊற்றினால் தண்ணீர் அதிருமாம். அதைக் குடித்தால், நம் உடம்பில் ஓடும் சி இருக்கிறதே, அந்த உயிரோட்டம், அதுவும் கூடவே அதிர்ந்து எழுமாம். எழட்டும்! அதற்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

அதிர்வைப் பற்றி இந்த ஹாவ் தெசாங்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். செங்சோ யார்டில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தவன் நான். இதோ, அதே சுத்தியல். நல்ல சக்கரத்தைத் தட்டினால் 'டங்ங்ங்' என்று நீளமாகப் பாடும். விரிசல் விட்ட சக்கரம் 'தொக்' என்று நின்றுபோகும். பனியிலே தட்டினேன், பகலிலே தட்டினேன், பசியோடு தட்டினேன். ஒவ்வொரு சக்கரத்தையும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படுவதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

சரி, போன குளிர்காலத்துக்கு வருகிறேன். இதே மன்றத்தில் ஏழு அதிர்வுப் படுக்கைகள் போட்டானே பாங் என்ற வாலிபன், நினைவிருக்கிறதா? வெள்ளைக் கோட்டு, வெண்ணெய்ப் பேச்சு! "அம்மா, உடம்புல இருக்கிற உயிரோட்டமே ஒரு அதிர்வுதாம்மா. நம்ம படுக்கை அதே கணக்குல அதிரும். ரெண்டும் சேர்ந்தா நோய் எங்க நிக்கும்?" என்பான். முதல் பத்து நிமிடம் படுக்கை குளிர்சாதனப் பெட்டி மாதிரி முனகும். பிறகு 'மௌன அதிர்வு' தொடங்கும். அது கைக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, உயிரோட்டத்துக்கு மட்டும்தான் புரியும்!

கேட்டீர்களா கதையை? முனகாத அதிர்வாம்! என் மனைவி லூ குய்சென் தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் படுத்தாள். ஒருநாள் மௌன அதிர்வு நேரத்தில், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். ஏழு படுக்கைக்கும் ஒரே ப்ளக். பிடுங்கினேன்!

என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை! அதுதானே நடந்தது! இதோ முன்வரிசையில் இருக்கும் கோவ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "ஏறுதுடா, ஏறுது! இடுப்புலேர்ந்து கழுத்துக்கு ஏறுது!" என்று கத்தினார். இல்லை என்று தலையாட்டாதீர்கள் அண்ணே, ஆறு பேர் சாட்சி. நான் ப்ளக்கைத் தூக்கிக் காட்டினேன். பாங் அசரவில்லை. "ஐயாவோட சந்தேகம்தான் ஓட்டத்தை அடைக்குது" என்றான். இந்த மன்றம் யாரைத் திட்டியது? என்னைத் திட்டியது! வீட்டுக்கு வந்ததும் குய்சென் சொன்னாள்: "யோவ் கிழவா, நாலு பேர் முன்னால மானத்தை வாங்கிட்டியே. இனிமே எங்கூடப் பேசாதே."

நானும் பேசவில்லை. என் சந்தேகம் ஜெயித்துவிட்டது, அது போதும் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

பதினைந்து நாள் கழித்து, மாடிப்படியில் அவளுக்குத் தலை சுற்றியது. நாடி பார்க்கும் டாக்டர் யென் அம்மாவிடம் அழைத்துப் போனேன். அவரையாவது நம்பினேனா? அவரையும் நம்பவில்லை! நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? நோயைச் சொல்லக் கூடாது, கையை மட்டும் நீட்ட வேண்டும், வைத்தியர் தானாகக் கண்டுபிடித்தால் கெட்டிக்காரர். "வாயைத் திறக்காதே, அந்தம்மா சரக்கு என்னன்னு பார்ப்போம்" என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப்போனேன்.

டாக்டர் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். "மாடி ஏறும்போது மூச்சு வாங்குதா?" என்றார். குய்சென் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். இருவரும் ஊமை. "நீங்களே சொல்லுங்களேன் டாக்டர், நாடிதான் பேசுமாமே?" என்றேன் நான், நக்கலாக.

யென் அம்மா கையை எடுத்துவிட்டார். "ஹாவ் அண்ணே, சக்கரத்துல துணியைச் சுத்திட்டுத்தான் தட்டிப் பார்ப்பீங்களா?"

நான் கூரையிலிருந்து கண்ணை இறக்கினேன்.

"பார்க்கணும், கேட்கணும், விசாரிக்கணும், தொடணும். நாலும் சேர்ந்ததுதான் எங்க வைத்தியம். நீங்க ஒண்ணை வெட்டிட்டு மிச்சத்துக்குப் பரீட்சை வைக்கிறீங்க. இந்த நாடி மூணு அடி நடந்து ஒரு அடி நின்னு போகுது. இது விளையாட்டு இல்ல. அக்கா, நீங்க சொல்லுங்க."

குய்சென் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நெஞ்சு மாத்திரையை நிறுத்தி நாப்பது நாளாச்சு. படுக்கையே போதும்னு பாங் சொன்னான்."

நாற்பது நாள்! தாய்மார்களே, நூறு சக்கரத்தில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்த காது இது! ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே கஞ்சி. நாற்பது நாள் எனக்குக் கேட்கவில்லை! "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"அவன் பொய்க்காரன்னு எனக்கும் தெரியும். ஆனா தினம் கேட்டான், 'நல்லா தூங்கினீங்களாம்மா?'ன்னு. நீ என்னைக்குக் கேட்டே? நீ சந்தேகம்தான் பட்டே."

வெட்கப்பட்டேன் ஐயா. அந்த நாற்காலியிலேயே அழுதேன். யென் அம்மா மூலிகை எழுதவில்லை. "இன்னைக்கே, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. என் மூலிகை எங்கேயும் ஓடிப்போகாது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பதினொரு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே சொன்னதை இந்த மேடையில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அப்படியானால் உயிரோட்டம் உண்டா, இல்லையா? பின்னால் யாரோ கேட்கிறீர்கள். யென் அம்மாவிடம் நானும் கேட்டேன். "எனக்கும் அது கண்ணுல பட்டதில்ல அண்ணே. விரலை வைக்கிறேன், ஏதோ வருது. வந்தது சரிதானான்னு வாயால கேட்டுக்கறேன்" என்றார். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. ஆனால் பெரியோர்களே, கேட்டுச் சரிபார்க்கிறவர்மேல் சந்தேகப்படுவது எனக்குச் சிரமமாக இருக்கிறது.

நான் சந்தேகத்தை விடச் சொல்லவில்லை. விடாதீர்கள்! கோப்பையைச் சந்தேகப்படுங்கள், வெள்ளைக் கோட்டுக்காரனைச் சந்தேகப்படுங்கள், கறுப்புப் பையைக் கட்டாயம் சந்தேகப்படுங்கள்! ஆனால் பொய்க்காரன் உங்கள் அம்மாவிடம் நலம் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேளுங்கள். தூங்கினாயா என்று கேளுங்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள். தட்டிவிட்டு நடையைக் கட்டாதீர்கள், நின்று பதிலைக் கேளுங்கள்! தட்டுவது பாதி வேலை, காது கொடுப்பதுதான் மீதி வேலை. நான் பாதி வேலைக்காரனாக இருந்தேன், அவளைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

மன்றத்தைத் தருவதும் மறுப்பதும் தலைவி அம்மையார் விருப்பம். தந்தால், ப்ளக்குக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

என்ன, தலைவி கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிட்டேன். இரண்டாம் வரிசையில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருக்கும் லூ குய்சென் அவர்களே! எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். மத்தியான மாத்திரை சாப்பிட்டாயா?

கேட்டீர்களா, என்ன சொல்கிறாள்? "இல்லய்யா, நீ பேசி முடிச்சாத்தானே வீட்டுக்குப் போக முடியும்!"

பொறுமை காத்த அவைக்கு என் நன்றி, பெரியோர்களுக்கு என் பணிவு, அனைவருக்கும் வணக்கம். வழி விடுங்கள், இறங்குகிறேன்!