கொடியில் காய்ந்த சட்டை

கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் எல்லோரும் தச்சரைத்தான் கூப்பிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன், ஐயா. அவர் இழைப்புளியை வெளியே எடுக்கவே இல்லை. கதவைத் திறந்து மூடினார், நிலையைத் தடவிப் பார்த்தார்.

"கதவுமேல தப்பில்லைங்க. வீடே ஒரு பக்கமா இறங்குது. இன்ஜினியரைக் கூப்பிடுங்க."

கீழ்வீட்டுக்கு மட்டும் போட்ட அஸ்திவாரம் அது. அதன்மேல் மாடி எழுப்பி, மாடியின் தலையில் தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றியது நான்தான். கீழே தையல்காரர் குடும்பம் வாடகைக்கு இருந்தது, மேலே நாங்கள்.

இன்ஜினியர் வந்து, படிக்கட்டுச் சுவரிலிருந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினார்.

"விரிசல் நகர்ந்தா இது உடையும். உடைஞ்சா அன்னிக்கே எல்லாரும் வெளியேறிடணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க."

மூன்றாம் நாள் உடைந்தது. அவர் சொன்னபடியே மனைவியையும் மகனையும் அன்றே மைத்துனன் வீட்டுக்கு அனுப்பினேன். சில்லுகளைப் பெருக்கிவிட்டு வேறு கண்ணாடி ஒட்டினேன். அதுவும் உடைந்தது. மொத்தம் ஐந்து ஒட்டியிருப்பேன்.

வீட்டை வாங்க ஒருவர் சம்மதித்திருந்தார். பத்து நாளில் பத்திரப்பதிவு. குடியிருக்க ஆள் உள்ள வீடாக வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. தையல்காரர் காலி செய்தால் காரணம் கேட்பார். கேட்டால் எல்லாம் போச்சு.

தையல்காரர் விவரமில்லாதவர் அல்ல. ஒரு காலை மெஷினை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தார்.

"சுவருக்குள்ள ஏதோ சத்தம் கேக்குதுண்ணே. எம்பொண்ணு வீட்டுக்குள்ள வரவே அழுவுறா. நாங்க கிளம்பிடுறோம்."

"நான் பொண்டாட்டி புள்ளையோட மேலதானே இருக்கேன், தம்பி. ஆபத்துன்னா அவங்களை வச்சிருப்பேனா?"

அவர் நிமிர்ந்து மாடிக் கொடியைப் பார்த்தார். என் மகனின் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் கையால் தைத்த சட்டை. பிறகு அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு மெஷினை உள்ளே தூக்கிப் போனார்.

அந்தத் துணிகளைத் தினமும் நனைத்துப் போட்டது நான். அதற்காக மாடி ஏறும்போதெல்லாம் சுவரைத் தொடமாட்டேன். பாதத்தை முழுதாக ஊன்றமாட்டேன். ஒருநாள் தொட்டியில் தண்ணீர் தளும்பிய சத்தத்துக்கே ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டுத் தெருமுனை வரை ஓடினேன். அந்த வீட்டுக்கு என்னைப்போல் பயந்தவர் யாரும் கிடையாது.

பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, வீடு அப்படியே உட்கார்ந்தது. துணி போட்டுவிட்டு அப்போதுதான் எதிர்ப்பக்கம் வந்திருந்தேன். சிறுமி பள்ளியில் இருந்தாள். தையல்காரரும் அவர் மனைவியும் உள்ளே இருந்தார்கள்.

தீயணைப்புப் படை வந்தது. இடிபாட்டின் உச்சியில் அந்தச் சட்டை கிடந்ததைப் பார்த்து, "மாடியில தாயும் புள்ளையும் இருக்காங்க" என்று அக்கம்பக்கத்தார் கத்தினார்கள். அதனால் மேலே இருந்துதான் தேடத் தொடங்கினார்கள். அவர்களின் தலைவர் என் தோளைப் பிடித்தார்.

"உங்க புள்ளையை எப்படியும் எடுத்துடுவோம். தைரியமா இருங்க."

நான் கீழ்வீட்டு ஜன்னல் இருந்த பக்கம் நின்றிருந்தேன். உள்ளே யாரோ இரும்பில் தட்டினார்கள். இயந்திர இரைச்சலில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. மேலே யாரும் இல்லை என்று சொன்னால், பிறகு துணி ஏது என்று கேட்பார்களே. சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்று மணி நேரம் என் மகனைத் தேடினார்கள். தட்டுவது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

பயத்தில் வாய் வரவில்லை, அவ்வளவுதான். மனசறிந்து நான் யாருக்கும் கெடுதல் செய்ததில்லை, ஐயா.