சோறு முதலில், மதிப்பெண் பிறகு

கண்டனூர்ச் சாலையில் நிற்கும் நம் உறைவிடப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்து, அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வழங்கி, இன்று ஓய்வு பெறும் காளீஸ்வரி அம்மையீர், வணக்கம்.

பிள்ளைகளின் காய்ச்சலை நெற்றி தொட்டும், ஏக்கத்தை நடை பார்த்தும் அறிந்தவர் தாங்கள். இப்படியே அடுக்கினால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். முன்பெல்லாம் வாசலிலேயே மதிப்பெண் அட்டையைக் கொடுத்துவிடுவார்கள். உடனே ஏச்சு தொடங்கும். வீட்டிலிருந்து வந்த கோழிக் குழம்பு தூக்குவாளியிலேயே ஆறிப்போகும். தாங்கள் அதை மாற்றினீர்கள். பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தவருக்கே அட்டை.

சாக்கோட்டை விவசாயி செம்மலை ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார். "வயலை ஒத்திக்கு வச்சுப் பீசு கட்டியிருக்கேன். மார்க்கு தெரியாம எனக்குச் சோறு எறங்குமா? என்ன பேசுறீக?"

"உங்களுக்கு எறங்காதுண்ணே. பிள்ளைக்கு எறங்கணும்ல?" என்றீர்கள்.

அவர் தாளாளரிடம் போனார். அட்டையைக் கொடுத்துவிடும்படி தாளாளர் தங்களை அழைத்துச் சொன்னார். "அப்ப வேற வார்டனப் பாத்துக்கிருங்க சார்" என்றீர்கள். தங்கள் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது, வீடு இந்தச் சம்பளத்தை நம்பியே இருந்தது.

தாளாளர் செம்மலைக்குப் பந்திப் பக்கம் கைகாட்டினார். அவர் முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் மகன் கதிரவன் தானாகவே சொன்னான்: "கணக்குல பெயிலுப்பா. எனக்கு ஒண்ணுமே புரியல."

அப்பாவுக்கு வாய் நிறையச் சோறு, கத்த முடியவில்லை. மென்று விழுங்கிவிட்டுச் செம்மலை சொன்னார்: "சரி, ரசம் ஊத்திக்க."

இந்தப் படிப்புக்குப் பெற்றோர் பணத்தைக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டையே கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்ளும் பள்ளி இரண்டையும் நினைவில் வைக்க வேண்டும் என்பதைத் தங்களிடம்தான் கற்றோம்.

தாங்கள் போனதும் மதிப்பெண்ணை முந்தின நாளே பெற்றோர் கைபேசிக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு பேச்சு நடக்கிறது. தாளாளர் மேடையில் இருக்கும்போதே சொல்கிறோம், நாங்கள் அனுப்ப மாட்டோம். ஆசிரியர், அலுவலர், சமையலர் எல்லோரும் அப்படியே எழுதிக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்துவிட்டோம். வருகிற இரண்டாம் ஞாயிறு உணவுக்கூட வாசலில் அட்டைகளோடு நிற்கப்போகிறவர் கணித ஆசிரியர் சேவுகப்பெருமாள்.

அந்த ஞாயிறுகளில் கடைசிப் பிள்ளை கை கழுவிய பிறகே தட்டெடுத்தவர் தாங்கள். இனி தங்கள் வீட்டில் சோறு சூடாக இருக்கும்போதே உட்காருங்கள். நோயின்றி, நெடுங்காலம் அப்படியே உட்காருங்கள்.

தாங்கள் வகுத்ததை விடாது நடத்தும்
பள்ளி, விடுதிப் பணியாளர்கள்
காரைக்குடி