பிரேக் ஆயிலு தெரியிற வெளிச்சம்

இல்லக்கா, ஷோகேஸ்ல கீற டார்ச்சு வாணாம். எத்தினி மாசமா வெயில்ல காஞ்சிகினு கீதோ. உள்ளேர்ந்து எடுத்தாங்க, சீலு ஒடைக்காத பொட்டியா. நான்தான் ஒடைப்பேன். கோச்சிக்காதீங்க.

மெக்கானிக்குக்கா நானு. இளவழகன்னு பேரு, ஒடுகத்தூர்ல கடை. பேருக்குதான் கடை, வாரத்துல நாலு நாளு ஜவ்வாது மலை மேலதான் கீறது. அங்க ஓடுற ஜீப்பு, டெம்போ, டிராக்டரு எல்லாத்துக்கும் நான்தான். ரிப்பேரான வண்டி கீழ எறங்கி வருமா? நாமதான் மேல போய் அதுங்கடியில படுக்கணும். பட்டப்பகல்லயும் வண்டிக்கடியில இருட்டுதான. டார்ச்சு இல்லாம ஒண்ணும் ஆவாது.

இன்னா, ஆயிரம் மீட்டரு அடிக்குமா? பொட்டி மேல போட்டுக்கீதா? போடுவான், போடுறதுக்கு இன்னா. எனக்கு ஆயிரம் மீட்டரு எதுக்குக்கா, காட்டுல கரடியா தேடுறேன்? என் மூஞ்சிக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு முழம். அந்த ஒரு முழம் ஒழுங்கா தெரிஞ்சா போதும்.

இருங்க, கீழ போட்டுப் பாத்துக்கிறேன். பதறாதீங்க, ஒடைஞ்சா நானே எடுத்துக்கிறேன். நம்ம கையில ஒரு நாளைக்கி பத்து தடவ விழும் இது.

ம். எரியுது. ஒரு சொம்புல தண்ணி இருந்தா குடுங்க. ஏன், வாட்டர் புரூப்புன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் ஏன் மூஞ்சி மாறுது? சும்மா முக்கித்தான் பாக்கப் போறேன்.

தோ பாருங்க. கண்ணாடிக்குள்ள ஆவி கட்டுது பாருங்க. எனக்கு அப்பவே டவுட்டு. உங்கள சொல்லலக்கா, செஞ்சவன சொல்றேன். சரி, உங்களையும் கொஞ்சம்தான் சொல்றேன்.

அடுத்தத எடுங்க. இது கனமா கீது, பரவால்ல. பின்னாடி காந்தமா? அந்த ரேக்கு மேல ஒட்டுங்க பாப்போம். ஆங், நிக்குது. ரெண்டு கையிலயும் ஸ்பானரு இருந்தா டார்ச்ச பல்லுலதான் கடிச்சிகினு கெடப்போம். தேங்கா எண்ணெ இருக்குதா? தலைக்கு இல்லக்கா, கைக்கு. எண்ணெக் கையில அமுத்தினா பட்டனு வழுக்கக் கூடாது.

பட்டனு ஓக்கே. ஆனா வெளிச்சம் வாணாம். பளிச்சுன்னுதான் கீது, இல்லங்கல. நீலம் போட்ட வேட்டி மாதிரி வெள்ளை. இந்த வெளிச்சத்துல தண்ணியும் பிரேக் ஆயிலும் ஒண்ணாத் தெரியும். பிரேக் ஆயிலு லேசா தேன் கலர்ல இருக்கும். வெளிச்சத்துல கொஞ்சம் மஞ்ச கலந்திருந்தாதான் அது பிரிஞ்சி தெரியும். சக்கரத்துக்குப் பின்னாடி ஈரமா இருந்தா, அது சேத்துத் தண்ணியா ஆயிலான்னு பாத்தவுடனே சொல்லணும். சொல்ல முடியலன்னா ஆளு காலியாயிடும்.

எதிர் டீக்கடையப் பாத்து பாத்துப் பேசுறனா? கண்டுபுடிச்சிட்டீங்களே. நான் உங்கள கவனிச்சிகினு கீறேன்னு பாத்தா நீங்க என்னைய கவனிச்சிகினு கீறீங்க. அந்த பெஞ்சில கக்கத்துக் கட்டை வெச்சிகினு உக்காந்துகினு கீறான் பாருங்க, அவன் சின்னராஜு. மலைக்காரன், ஜீப்பு ஓட்றவன். பதினஞ்சி வருசமா எனக்கு சிநேகிதம். எடது காலு முட்டிக்குக் கீழ இல்ல. புதுக் காலுக்கு அளவெடுக்கத்தான் இன்னைக்கி பெரியாஸ்பத்திரிக்கு இட்டாந்தேன்.

ஆமா, ஆக்சிடென்ட்டுதான். புளி மூட்டை ஏத்திகினு மலையிலேர்ந்து எறங்கினான். மூணாவது வளைவுல பிரேக்க மிதிக்கிறான், பெடலு அப்படியே தரையில போய் ஒக்காந்துகிச்சி. வேற யாரா இருந்தாலும் பள்ளத்துலதான் போயிருப்பான். இவன் மலைப் பக்கமா ஒடிச்சி பாறையில உட்டுட்டான். உசுரு தப்பிச்சிது. நல்ல வேளை, அன்னைக்கி ஆளுங்கள ஏத்தல. அவன் பொஞ்சாதி கலைவாணி சந்தைக்கி வர்றேன்னு கெளம்பினவ, கடைசி நேரத்துல நின்னுட்டா.

அதுக்கு மொத நாளு அந்த வண்டிய பாத்தது நான்தான். அடியில பூந்து சக்கரம் சக்கரமா பாத்தேன். ஆஸ்பத்திரியில அவன் முழிச்சதும் சொன்னேன், பாதியில டார்ச்சு அணைஞ்சிபோச்சிடா, பிரேக் ஆயிலு ஓஸ் ஒழுவுனது தெரியலடான்னு. அவன் என் கையப் புடிச்சிகினு, உன் மேல இன்னாடா தப்பு, அந்தப் பாழாப்போன டார்ச்சு மேலதான் தப்புன்னான். அவனுக்கு நான் ஆறுதல் சொல்லணும், அவன் எனக்கு சொல்றான். கலைவாணி ஊரு பூரா சொல்லிட்டா, அந்த டார்ச்ச யாரும் வாங்காதீங்கன்னு.

இன்னைக்கி அளவு குடுத்துட்டு வெளிய வந்ததும் அவன் பேசின மொத பேச்சே, வாடா, உனக்கு நல்ல டார்ச்சா ஒண்ணு வாங்கித் தர்றேன், நாளைக்கி வேற எவனும் என்னை மாதிரி ஆவக் கூடாதுன்னுதான். நான் வாணாம்னேன். கேக்கல. அப்புறம் பழசு எங்கடான்னான். தூக்கிப் போட்டுட்டேன்னேன். அப்படியான்னான். அந்த அப்படியாவுலதான்க்கா எனக்கு சந்தேகம். தெரிஞ்சிகினே கேக்குறானா, சும்மா கேக்குறானா? ரெண்டு மாசமா அவன் மூஞ்சியவே பாத்துகினு கீறேன், ஒண்ணும் புடிபடல.

பழசா? பையிலதான் கீது. செல்லு போயிருந்தா மாத்தித் தர்றீங்களா? நல்ல மனசுதான் உங்களுக்கு. இந்தாங்க. அமுத்திப் பாருங்க.

எரியுதா?

ஆமா. அன்னைக்கும் நல்லாதான் எரிஞ்சிச்சி.

மச்சான் வூட்ல அன்னைக்கி கெடா வெட்டு. நாலு மணி பஸ்ஸ உட்டா மலையிலேர்ந்து வேற பஸ்ஸு கெடையாது. மணி மூணே முக்கால் ஆவுது, டிரைவரு சீட்டுப் பக்கம் சக்கரத்துக்குப் பின்னாடி ஈரம். ஓஸ மாத்தணும்னா சாமான் இங்க திருப்பத்தூர்லேர்ந்து வரணும், ரெண்டு நாளு வண்டியும் நிக்கும் நானும் நிக்கணும். தண்ணியாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிகினேன். வெரல வெச்சித் தொட்டுக்கூட பாக்கலக்கா. தொட்டா தெரிஞ்சிடும்ல. அவன் மறுநாளு சந்தைக்கி மூட்டை ஏத்திகினே, இன்னாடா, எல்லாம் சரியான்னான். சரியா கீது, நீ போன்னுட்டு ஓடிப் போய் பஸ்ஸ புடிச்சேன். கறி தின்னேன்.

யாராண்டயும் சொன்னதில்ல இத. உங்களாண்ட ஏன் சொன்னேன்னும் தெரியல.

தோ, எழுந்துட்டான். இல்லல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். பில்லும் போடாதீங்க, அவன் பாக்கெட்ல கைய உடுறதுக்கு முன்னாடி நான் பேசிடணும். அந்த ஸ்டூல மட்டும் கொஞ்சம் இந்தாண்ட தள்ளிப் போடுங்க. அவன் உக்காந்துக்கட்டும். நின்னுகினு கேக்கற பேச்சு இல்லக்கா இது.