முக்கால் குவளை உப்பில் மூன்றில் இரண்டு பங்கு

"உப்பு கடல்ல இருக்கும், என் அடுப்புல எங்கேர்ந்து வரும்?" என்று அடுப்புக்காரர் குரலுயர்த்த, "என் அளவு என்னிக்கும் தப்பினதில்ல. நீங்க மேல தெளிக்கிற உப்புத் தண்ணிதான் காரணம்" என்று அதற்கும் மேலே குரலெடுத்து, தெருமுனைத் தையல்கடை வரை கேட்கச் செய்த மாவுக்கூடத்தின் மாண்பே! பிசையும் எந்திரமும் பேச்சடங்கும் பெருந்தகையே! எங்கள் ரொட்டிக்கூடத்தின் ஒரே அக்காவே!

பணி ஓய்வு பெறும் இந்நாளில் தங்கள் புகழை மட்டுமே பாட நினைத்தோம். ரொட்டி உப்புக் கரித்த அந்த வாரத்தை விட்டுவிட்டு எழுதினால் மேடைப் பக்கமே வர மாட்டேன் என்று தாங்கள் அடம்பிடித்ததால் அதையும் சேர்த்தே படிக்கிறோம். விட்டுவிட எங்களுக்கும் மனமில்லை என்பது வேறு விஷயம்.

மாவைத் தொட்டதும் மழை வருமா என்று சொல்லும் விரல்கள் தங்களுடையவை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் மறுநாள் காலை அங்கே ஒரு மென்ரொட்டி போய்ச் சேரும். குறை ஒன்றுதான்: தங்கள் கணக்கை எட்டிப் பார்க்க எவருக்கும் அனுமதியில்லை.

முழு மாவுக்கு உப்பு முக்கால் குவளை. வியாபாரம் மந்தமான அந்த வாரம், மூன்றில் இரண்டு பங்கு மாவு போதும் என்றார் முதலாளி. முக்காலை மூன்றில் இரண்டால் பெருக்க வேண்டிய தாங்கள், பள்ளியில் அரைகுறையாகப் பார்த்த குறுக்குக் கோடுகளைப் போட்டு, மேலே ஒன்பது, கீழே எட்டு என்று கண்டு, ஒன்றே அரைக்கால் குவளை உப்பைக் கொட்டினீர்கள். வாங்கிய வீடுகளெல்லாம் ரொட்டியைத் துப்பின. தங்கள் சொல்லை நம்பி முதலாளி அடுப்புக்காரரை வேலையை விட்டு அனுப்பினார். தாங்கள் தடுக்கவில்லை.

பொட்டலம் கட்டும் தங்கள் நாத்தனார்தான் அன்று மாலை தங்கள் கணக்குச் சீட்டைப் பார்த்துவிட்டு, தட்டுக் கேக்கை முன்னால் இழுத்துப் போட்டார். நெடுக நான்காக வெட்டி, ஒரு பட்டையை ஒதுக்கினார்; மிச்சம் முக்கால். குறுக்கே மூன்றாக வெட்டி, மீதிப் பட்டைகளின் கடைசி வரிசையையும் எடுத்துவிட்டார்; முக்காலில் மூன்றில் இரண்டு. தட்டின் பன்னிரண்டு துண்டுகளில் எஞ்சியவை ஆறு. பாதி.

"அரைக் குவளைதான் அண்ணி. மாவு கொறைஞ்சா உப்பு எப்படிக் கூடும்?"

மறுநாள், ஒருநாளும் குனியாத தலையைக் குனிந்து, அனைவர் முன்னும் சொன்னீர்கள்: "தப்பு என்னுது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

முதலாளி ஆள் அனுப்பினார். ஆனால் அடுப்புக்காரர் அதற்குள் துறைமுக ஊரில் வேறு அடுப்பைப் பிடித்துவிட்டார். திரும்பி வரவில்லை.

அதன்பின் பின்னக் கணக்கைத் தட்டு தட்டாக வெட்டிக் கற்ற தாங்கள், புதிதாக வரும் எவரையும் "எனக்கே தெரியாம இருந்துச்சு, கூச்சப்படாமக் கேளுங்க" என்று உட்கார வைத்தீர்கள். அந்த வெட்கத்தை வெளியே சொன்னதற்குத்தான் இந்தப் பாராட்டு!

நோயின்றி நெடுநாள் வாழ்க! விடிகாலை உறக்கம் இனித் தங்களுக்கு உரியதாகுக! இன்னும் ஒரு வேண்டுகோள். அடுப்புக்காரரை மணந்து அந்தத் துறைமுக ஊருக்கே குடிபோன தங்கள் நாத்தனார் வருடந்தோறும் அழைக்கிறார். தாங்கள் பேருந்து நிலையம் வரை போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்தவர்கள் எங்களில் நால்வர். அடுப்புக்காரர் அதையெல்லாம் மறந்துவிட்டாராம். நாளை ஏறிவிடுங்கள், அக்கா.

தங்கள் அன்பின் அடுப்படி, மாவுக்கூடம், பொட்டலப் பிரிவினர்.