பொட்டு வைத்த துப்பாக்கி

பிளாக்ஹவுஸ் பே புறநகருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“ஆயுத பூஜைக்கு என்னோட ரெண்டு துப்பாக்கில, மலிவானதுக்குத்தான் பொட்டு வச்சேன்,” என்றாள் தமிழ்நாட்டுக்காரி.

யாழ்ப்பாணத்துத் தோழி திரும்பினாள். “ஏன், விலை கூடினது கோவிக்காதோ?”

“கோவிச்சுக்கட்டும். முயல் சுடப் போனா மழையில, சேத்துல எங்கூட வர்றது இதுதான். ரெண்டுக்கும் ஒரே சின்னத் தோட்டாதான். அடிபடுற முயல் விலையா கேக்குது? இதுல கீறல் விழுந்தாலும் மனசு பதறாது. போன வாரம் துப்பாக்கி சுடுற கிளப்புல இதை வச்சுத்தான் முதல் பரிசு வாங்கினேன்!”

“ஓம், பெரிய சந்தோஷம். அப்ப மற்றது?”

“அதை வெளிய எடுக்கவே பயம். துடைச்சுத் துடைச்சுப் பெட்டியில வச்சிருக்கேன்.”

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். “அது துவக்கில்லையடி, அட்டியல். கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போ!”