ராஜரத்தினம் அண்ணனுக்கு வாசிக்காத இரண்டு வரி

என் வாசிப்பு கணீரென்று இருக்கும் என்று ராஜபாளையத்தில் எல்லாரும் சொல்வார்கள், சார். அதனால்தான் சங்கத்தில் கடிதம் வாசிக்கிற வேலை எனக்கு வந்தது.

எங்கள் இயக்கம் இன்னும் தவழ்கிற பிள்ளை. எங்கள் பிணமும் ஊர்த்தெரு வழியாகச் சுடுகாடு போக வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம். இங்கே ராஜரத்தினம் அண்ணன் தலைவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிச்சையம்மாள் அக்கா. அவர்கள் போனில் பேசியதை யாரோ வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் விட்டுச் சண்டை மூட்டினார்கள். அதிலிருந்து எதுவானாலும் கடிதம்தான். அதையும் தலைவர் தனியாகப் பிரிக்கக் கூடாது. கூட்டத்தில் வாசிக்கத்தான் கேட்க வேண்டும். ஒளிவுமறைவு ஆகாதென்று அண்ணனே வைத்த வழக்கம்.

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு ஊரில் மலைச்சாமி என்ற பெரியவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவரைத் தெருவழியே எடுப்பதென்று முடிவு. அக்கா சம்மதித்து எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி: ‘அண்ணே, தெருமுக்கு மாடியில கல்லக் குவிச்சு வச்சிருக்காவ. போலீஸ் வார வரைக்கும் பொணத்த எடுக்காதிய.’

அதை மட்டும் நான் வாசிக்கவில்லை.

“அக்காவே சரின்னுட்டாவ. பொறவு என்னலே? நான் முன்னால போறேன்,” என்றார் அண்ணன்.

வாசித்திருந்தால் மனு, பேச்சுவார்த்தை, வாய்தா என்று இழுத்திருப்பார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. பையன்கள் ஏற்கெனவே சங்கத்தை விட்டுக் கழன்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் என்றால் எனக்கு உயிர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மலைச்சாமி செத்து, தெருவழியே எடுத்துப் போகையில் கல் அண்ணன் பொட்டில் பட்டது. நான் பாடையின் பின்பக்கம் பிடித்திருந்தேன். அண்ணன் என் மடியில் உயிர்விட்டபோது அழுதேன், நடிக்கவில்லை. ஆனால் மறுநாள் போலீஸ் காவலோடு அவரை அதே தெருவழியே கொண்டுபோனோமே, அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கழன்ற பையன்கள் எல்லாரும் திரும்பி வந்திருந்தார்கள்.

“நான் எழுதுனத அவரு கேக்கலையா தம்பி?” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கேட்டாவ அக்கா. கேட்டுட்டுத்தான் போனாவ,” என்றேன். அன்றோடு அக்காவுக்குப் பயம் விட்டுப்போனது. ஒரு மனுஷிக்கு நான் செய்த நல்லது என்றுதான் அதை நினைக்கிறேன்.

இப்போது பக்கத்து ஊரில் ஒரு சாவு. அக்காதான் முன்னால் நடக்கிறார். அங்கேயும் மாடியில் கல் ஏற்றிவிட்டார்கள் என்று காலையிலேயே எனக்குச் செய்தி வந்தது.

ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்கிறீர்கள். சொன்னால் நின்றுவிடுவாரே, சார்.