நெனைக்கறதுக்கு நீலம்

அவ இல்லீன்னா என்ன கண்ணு, கம்ப்யூட்டர் இங்கதான இருக்குது. உள்ள வா. கோயமுத்தூர்லருந்து பஸ் மாறி மாறி மல ஏறி வந்துட்டு வாசப்படியிலயே நின்னா எப்படி? அந்த மொளகு மூட்டைய மிதிச்சறாத, இப்புடிச் சுத்தி வா. நானா? ரொனால்ட். உங்க பிரிஸ்கில்லா மேடத்தோட ஊட்டுக்காரன். மொளகு யாவாரம். செம்மநத்தம், வெள்ளக்கடைன்னு பைக்ல சுத்தி வாங்கியாந்து சேலத்துல போடறது. நீ வந்தது அவ கலர் பூசி வெச்ச ஃபைலுக்குத்தான? எடுத்துக்க. சும்மாதான் கெடக்குது.

கலர் பூசறதுன்னா சிரிக்கற. பின்ன அது வேற என்ன? எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கற பொம்பளைங்க பேசறத ரெக்கார்டு பண்ணிக்கிட்டு வருவா. உக்காந்து டைப் அடிப்பா. அப்புறம் அந்த சாஃப்ட்வேர்ல போட்டு, வாக்கியத்த முறுக்காட்டம் ஒடைச்சு, ஒவ்வொரு வினைக்கும் ஒரு கலரு. வெட்டுனேன், செமந்தேன், வந்துச்சு, போச்சுன்னா செவப்பு. நெனைக்கறது, புடிக்கறது, பயப்படறதெல்லாம் நீலம். சொல்றது பச்ச. இருக்குது, கெடக்குதுன்னா மஞ்ச. பால்வாடிப் புள்ளைங்க பண்றதப் பண்ணிப்போட்டு டாக்டர் பட்டம் வாங்கறாங்க!

தெரியும் தெரியும், ஃபங்ஷனல் கிராமரு. ஃபங்ஷன்னா நமக்குத் தெரிஞ்சது காதுகுத்து, கல்யாணம். இல்லீங்க, ஒரு வார்த்த பேச்சுல என்ன வேல செய்யுதுன்னு பாக்கற இலக்கணம்பா. அட, அந்த மிஷினே இங்கிலீசுக்குன்னு செஞ்சது கண்ணு. வர்றேன்னு ஒத்தச் சொல்லாச் சொன்னா, யாரு வர்றதுன்னு தெரியாம முழிக்கும். ஆளு அந்தச் சொல்லோட வால்லயே ஒட்டிக்கிட்டு இருக்குதுன்னு இவ ஒவ்வொண்ணாக் கையால காட்டோணும். எனக்குப் பசிக்குதுன்னா இன்னுங் கேவலம். பசிக்கறதுக்கு ஆளே இல்லியாம். அப்புறம் எந்த மசுருக்கு... தப்பா நெனைச்சுக்காத கண்ணு, வாயில வந்துருச்சு.

ஆள் இல்லாமப் பேசறதுலதான் விசயமே இருக்குதுங்கன்னு சொல்லுவா. எஸ்டேட்டுக் கணக்கு எழுதற ரைட்டரு மரம் வெட்டப்பட்டதுன்னு எழுதுவாரு. வேல செய்யறவங்க வெட்டச் சொன்னாங்கன்னு சொல்லுவாங்க. யாரு சொன்னதுன்னு ரெண்டு பேருமே வாயத் தொறக்க மாட்டாங்க, ஏன்னு யோசிங்கம்பா. இதுல யோசிக்க என்ன இருக்குது? சொன்னா வேல போயிரும். கிளியூர்ல எந்த டீக்கடையில கேட்டாலும் சொல்லுவான். இதுக்கு மிஷினு வேற!

ஒருக்கா எங்க அண்ணம் பையனுக்குப் புதுநன்ம, மொத மொதல்ல நற்கருண வாங்கற விசேசம். சர்ச்சுல பூச முடிஞ்சு விருந்து நடக்குது. எல்வின்னு, அவ தம்பி, அவன்தான் ஆரம்பிச்சது. அக்கா என்னமோ ஆராய்ச்சி பண்ணுதே, என்னதுங்க மாமான்னான். எந்திரிச்சு நின்னு செஞ்சே காட்டுனேன். கையில பிரியாணித் தட்டு. அவள மாதிரியே கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி உட்டுக்கிட்டு, அவ இழுத்து இழுத்துப் பேசற அதே கொரல்ல. கோழி வெந்துச்சு. இங்க செய்யறது யாரு? கோழிதானுங்க! தானே வெந்த கோழிக்கு டாக்டர் பட்டம் குடுங்கன்னேன். பந்தலே அதிருது. ஃபாதருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவளுந்தான் சிரிச்சா. அப்படிப் பாக்காத கண்ணு. சிரிச்சான்னு சொல்றேனில்ல.

பென் டிரைவ அந்தப் பக்கம் சொருகு. ஆங், அதேதான். முழுசா எடுத்துக்க, புண்ணியமாப் போகட்டும். அந்தக் கடைசி ஃபோல்டர மட்டும் உட்ரு. அது அவ பண்ணுனதில்ல. உட்ருன்னேன்ல... செரி, தொறந்துட்ட. நான் பண்ணுனதுதான். ஏன், மொளகு விக்கறவன் பண்ணக் கூடாதா? அவ தோளுக்குப் பொறத்தால நின்னு எத்தன நாளு வேடிக்க பாத்திருப்பேன்.

அது வந்து, அவ போன்ல எனக்கு அனுப்பிச்ச மெசேஜுங்க. கல்யாணம் ஆனதுலருந்து வந்தது எல்லாமே. மழ உடாமப் பேஞ்சுச்சு, யாவாரமில்ல, சும்மா உக்காந்து பூசுனேன். மேல பாரு, ஒரே நீலமா இருக்கும். உங்களத்தான் நெனைச்சுக்கிட்டே இருந்தேன். இந்தப் பனி எனக்கு நொம்பப் புடிச்சிருக்குது. மழையில வண்டி ஓட்டாதீங்க, பயமா இருக்குது. பயமா இருக்குதுன்னாலும் நீலந்தான், இருக்குதேன்னு மஞ்சளப் பூசிறாதீங்கன்னு ஒருக்கா சொல்லியிருக்கறா. இப்பக் கீழ எறக்கு. பால் வாங்கியாங்க. கரண்டு போயிருச்சு. சிலிண்டர் வந்துச்சு. செவப்பு, செவப்பு, மறுக்கா செவப்பு. நீலத்தையே காணோம்.

எப்பலருந்து நின்னுச்சுன்னு தேதிவாரியா அடுக்கிக் காட்டுது. அந்தப் புதுநன்ம விருந்துலருந்தாம்! மிஷினு லட்சணத்தப் பாத்தியா? அன்னைக்கு ஒரு சண்டயில்ல, சத்தமில்ல. ஒரே பைக்லதான் ஊட்டுக்கு வந்தோம். அதுக்கப்புறமும் ரெண்டு வருசம் இதே ஊட்டுல எனக்குச் சோறாக்கிப் போட்டுட்டுத்தான போனா.

ஆமா, போயிட்டா. காலேஜுக்குன்னு நெனைச்சியாக்கும். எங்க இருக்கறான்னு எல்வினுக்குத் தெரியும். அவன் சொல்ல மாட்டீங்கறான்.

செரி, அத உடு. நீ இதையே படிச்ச புள்ள. விருந்துக்கு அப்பால வந்தத மட்டும் ஒருக்கா பாத்துச் சொல்லு. எங்கியாவது ஒண்ணாச்சும் நீலமா இருக்கோணும். எனக்கென்ன இலக்கணமா தெரியும், நாந்தான் கலர மாத்திப் பூசியிருப்பேன். பொறுமையாவே பாரு கண்ணு. நான் டீ வெச்சுக் கொண்டாறேன்.